‘ரெண்டு வாரம்தான்’ என்று சொல்லாதீர்கள்: பெரியவர்களை இல்லத்தில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஓர் அம்மாவை எங்கள் முதியோர் இல்லத்தில் சேர்க்க அழைத்து வந்தார்கள். வயது 78. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். தாதிகளை இங்கே ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். "மிஸ்ஸி, அம்மாகிட்ட ரெண்டு வாரம்னுதான் சொல்லியிருக்கோம். கால் தேறினதும் வீட்டுக்குன்னு. உங்க ஆளுங்க யாரும் மாத்திச் சொல்லிடாம பார்த்துக்குங்க."

எனக்கு உடனே பதில் வரவில்லை. 14 வருடங்களுக்கு முன்னால், இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்தில் வேறோர் இல்லத்தின் வராந்தாவில், இதே வார்த்தைகளை நான் சொல்லியிருக்கிறேன். என் அப்பாவைச் சேர்த்தபோது.

அப்போது நான் மருத்துவமனையில் தாதி. அப்பாவின் அனுபவத்துக்குப் பிறகுதான் முதியோர் பராமரிப்புக்கு வந்தேன். 12 வருடமாகிறது. முதலில் செபராங் பிறையில், இப்போது பினாங்குத் தீவில். படுக்கைப் புண், வழுக்கும் குளியலறை, மருந்தை மாற்றிக் கொடுப்பது, இதையெல்லாம் எந்த இல்லத்திலும் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நல்ல மனத்தோடு, அன்பினால் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே குடும்பங்களும் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகளைத்தான் எழுதப் போகிறேன். அதிலும் ஒன்றைப் பற்றி நிறையவே எழுத வேண்டியிருக்கிறது.

‘ரெண்டு வாரம்தான்’

அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகியிருந்தது. அண்ணன் ஜொகூரில். எனக்கு இரவு ஷிப்டு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அப்பாவைக் கழிப்பறைக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். வீட்டில் அந்த இரண்டு பேர் இல்லை. இதுதான் உண்மை நிலவரம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. அதனால் அவர் முகத்தைப் பார்த்து, "ரெண்டு வாரம் தெரபி இருக்கு அப்பா, முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்னேன்.

அவர் நம்பினார். நம்பியதுதான் பிரச்சினை.

அவருடைய பழுப்பு நிற சூட்கேஸைத் திறந்து சட்டைகளை அலமாரியில் அடுக்கப் போன பணிப்பெண்ணைத் தடுத்துவிட்டார். தினமும் குளித்ததும் மாற்றிய கைலியைத் துவைத்து வாங்கி, ஒற்றைக் கையால் மடித்து, மறுபடியும் சூட்கேஸில்தான் வைப்பார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ரெண்டு வாரத்தில் போகப் போகிறவருக்கு அது எதற்கு? கை கால் பயிற்சிக்கு ஆள் வந்தால், "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் வேகமாகத் தேறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். தாதியாக இருந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். அந்த நாட்களை அவர் காத்திருப்பதில் செலவழித்தார். காத்திருக்க வைத்தது நான்.

பதினைந்தாம் நாள் காலையில் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே வர மறுத்துவிட்டார். நான் மாலை ஐந்தரைக்குப் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. "டாக்டர் இன்னும் ரெண்டு வாரம் இருக்கணும்னு சொல்றார்" என்று இரண்டாவது பொய்யைச் சொன்னேன். அடுத்த முறை டாக்டர் வந்தபோது அப்பா அவரிடமே கேட்டுவிட்டார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் என்ன சொன்னாலும் நம்புவதை நிறுத்திக்கொண்டார். ஒரு நாள் ரத்த அழுத்த மாத்திரையை நீட்டி, "இது பிரஷருக்கு அப்பா" என்றேன். மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவும் ரெண்டு வாரத்துக்கா?" என்று கேட்டார். மாத்திரையை வாங்கவில்லை.

இந்தப் பொய் எவ்வளவு செலவு பிடிக்கும் என்று புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒருவர் ஓர் இடத்துக்குப் பழக வேண்டுமானால், தான் அங்கே வந்துவிட்டோம் என்பது முதலில் அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அழுவார், கோபப்படுவார், சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். அதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் ஜன்னல் எந்தப் பக்கம், காற்று எங்கே வரும், காலையில் தேத்தண்ணி எத்தனை மணிக்கு என்று கேட்க ஆரம்பிப்பார். தெரியாதவருக்கு அந்த முதல் நாளே வருவதில்லை. அவர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. பேருந்து நிலையத்தில் யாரும் அலமாரியில் துணி அடுக்குவதில்லை.

பத்தாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னேன். இரவு ஷிப்டைச் சொன்னேன், கழிப்பறைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதைச் சொன்னேன், என்னால் முடியவில்லை என்றும் சொன்னேன். வீட்டுக்குத் திரும்புவது நடக்காது, ஆனால் வாரம் மூன்று நாள் நான் வருவேன் என்றேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். திட்டிட்டு வந்திருப்பேன்" என்றார். நான் கிளம்பும்போது, "அடுத்த தடவை வரும்போது என் ரேடியோவைக் கொண்டு வா" என்றார். மறு வாரம் கட்டிலுக்குப் பக்கத்தில் மின்னல் எப்.எம். ஓடிக்கொண்டிருந்தது, சட்டைகள் அலமாரியில் இருந்தன. அங்கே அவர் ஆறு வருடம் இருந்தார். வலது கை கடைசிவரை சரியாகத் தேறவில்லை.

சரி, எப்படிச் சொல்வது?

எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சுற்றி நின்று சொல்லாதீர்கள். அது பஞ்சாயத்து மாதிரி இருக்கும். யார் சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்பாரோ அந்த ஒருவர் உட்கார்ந்து சொல்லட்டும். "உங்க நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்க வேண்டாம். நம் நிலையைச் சொல்லலாம்: ராத்திரி எழுந்து பார்க்க ஆள் இல்லை, இரண்டு முறை விழுந்துவிட்டீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. எவ்வளவு நாள் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். உண்மையிலேயே ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எண்ணம் இருந்தால் அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் மாத முடிவில் அவர் "வேண்டாம்" என்றால் திரும்ப அழைத்துப் போகத் தயாராக இருக்க வேண்டும். தயாராக இல்லாதவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு முறையாவது அவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். ஒரு மதியச் சாப்பாடு இங்கே சாப்பிடட்டும். எந்தக் கட்டில் என்று அவர் கை காட்டட்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். 1976-ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் செடி வேண்டுமா, எது வேண்டும் என்று கேட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் பொறுப்பு என்று விட்டார்கள். தங்கள் அறையை, நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் அவர்கள் விருப்பம் என்று நினைவூட்டினார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கையில் கொடுத்து, தாதிகளே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில், தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். ஒரு செடிக்கே அப்படி என்றால், தான் எங்கே இருக்கப் போகிறோம் என்பதை ஒருவரிடமிருந்து மறைப்பது என்ன செய்யும்?

இந்தப் பொய்க்கு ஒரு தம்பி உண்டு. பெரியவர் இங்கே இருக்கும்போதே வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவது, அவரிடம் சொல்லாமல் இருப்பது. எங்கள் இல்லத்தில் ஓர் ஐயா தன் வீட்டில் வேறு குடும்பம் இருப்பதை, பார்க்க வந்த பழைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். வீடு போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதுமை மறதி முற்றியவர்கள் விஷயம் வேறு. என்றைக்கோ இறந்துபோன கணவரைத் தேடுகிற அம்மாவிடம் தினமும் "அவர் செத்துட்டார்" என்று சொல்வது கொடுமை. ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. அங்கே வாதாடாமல், "அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்க" என்று பேச்சை அவர் மனம் போகிற பக்கம் கொண்டுபோகிறோம். ஆனால் அதைக் காரணம் காட்டி, தெளிவாக யோசிக்கக்கூடியவர்களிடமும் பொய் சொல்ல நினைக்கும் பிள்ளைகளிடம் நான் ஒன்று கேட்பேன்: இந்தப் பொய் யாருடைய மனக் கஷ்டத்தைக் குறைக்கிறது? அப்பாவிடம் நான் சொன்னது என் கஷ்டத்தைக் குறைக்கத்தான்.

‘இடம் மாறினதால அப்படித்தான்’

வந்த மூன்றாவது நாள், நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார், இல்லாததைப் பார்க்கிறார், அல்லது எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடக்கிறார். பணியாளர்கள், "புது இடம், பழகிடும்" என்கிறார்கள். குடும்பமும் தலையாட்டுகிறது.

இடம் மாறுவதால் வரும் பாதிப்பு உண்மைதான். தூக்கமின்மை, பதற்றம், ஒதுங்கிப் போவது, சாப்பிட மறுப்பது எல்லாம் வரும். இதைத் தாதியர் தொழிலில் ஒரு தனிச் சிக்கலாகவே 1992 முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்து, காலையில் ஒரு மாதிரி மாலையில் ஒரு மாதிரி மாறுகிற குழப்பத்தை அந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமல் குழப்பமாக மட்டும் வெளிப்படலாம். நாலு நாள் மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காமை, சொல்லத் தெரியாத வலி, மருத்துவமனையில் புதிதாகத் தொடங்கிய மருந்து, எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணத்தைச் சரிசெய்தால் தெளிவு திரும்பும்.

இன்னொன்று, நம் ஆட்களில் சர்க்கரை நோய் அதிகம். மனம் சரியில்லாமல் முதல் வாரம் தட்டைத் தொடாதவருக்கு வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், பிதற்றல். அதையும் "வீட்டு நினைப்பு" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடாவிட்டால் ஊசிக்கு முன் சொல்லுங்கள் என்று புதுப் பணியாளர்களிடம் நான் தினமும் சொல்கிறேன். அவர்களுக்குச் சலித்துப் போயிருக்கும். பரவாயில்லை.

காலை நான்கு மணி

கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் மரம் சீவிய ஒரு பாட்டி இங்கே வந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். பிறகு மெல்ல இறங்கி நடப்பார். இரவு வேலையில் இருந்த புதுப் பெண் பயந்துபோய், "தூக்கமே இல்லை" என்று அறிக்கையில் எழுதினாள். தூக்க மாத்திரை வந்தது. மாத்திரை போட்ட மூன்றாம் இரவு பாட்டி நான்கு மணிக்கு அதே பழக்கத்தில் எழுந்தார், கால் தள்ளாடிக் கீழே விழுந்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை.

தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, நிற்க வேண்டும் என்றால் இருட்டிலேயே எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். நாற்பது வருடம் அப்படி எழுந்த உடம்பு. அவர் இரவு எட்டு மணிக்கே தூங்கிவிடுவதை யாரும் கவனிக்கவில்லை. எட்டு மணி நேரம் முழுதாகத் தூங்கித்தான் எழுகிறார். அது நோயே இல்லை.

டாக்டரிடம் பேசி மாத்திரையை நிறுத்தினோம். நான்கு மணிக்கு ஒருவர் போய், விளக்கைப் போட்டு, கைபிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கோப்பை கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) கொடுப்பது என்று முறை வைத்தோம். பிறகு அவரே கேட்டு, உலர்ந்த துண்டுகளை மடிக்க ஆரம்பித்தார். விடியும்போது ஒரு கூடை நிறைய மடித்து வைத்திருப்பார். விருப்பமில்லாத யாரையும் வேலை செய்யச் சொல்லக் கூடாது. ஆனால் ஆயுள் முழுக்க உழைத்தவரிடம், "நீங்க சும்மா உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவருக்கு மரியாதையாகத் தெரிவதில்லை. சேர்க்கும்போது நோய்களின் பட்டியலோடு, எத்தனை மணிக்கு எழுவார், குளிப்பது காலையா மாலையா, என்ன வேலை பார்த்தவர் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பல்செட், கண்ணாடி, காதுக் கருவி

பெயர் எழுதாமல் அனுப்பாதீர்கள்.

சாப்பாடு

பினாங்கில் பல இல்லங்களைச் சீனர்கள் நடத்துகிறார்கள். காலையில் கஞ்சி, மதியம் சோறும் கீரையும் மீனும். குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவர்கள் வழக்கமான சாப்பாடு. ஆனால் ஆயுள் முழுக்க ரசம் ஊற்றிச் சாப்பிட்டவர் மூன்றாம் நாளே தட்டைத் தள்ளுவார். மாடு சாப்பிட மாட்டார், வெள்ளிக்கிழமை சைவம் என்பதையெல்லாம் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். பெரியவர்கள் கேட்டு வாங்க மாட்டார்கள். "பசி இல்லை" என்று சொல்லிப் பட்டினி கிடப்பார்கள். ஒரு சின்ன டப்பா ஊறுகாயை வைக்க அனுமதி கேளுங்கள். உப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் ரசப்பொடியாவது கொடுத்து வையுங்கள். எங்கள் சமையல்காரம்மா ஈப்போ சீனர், இப்போது நல்ல ரசம் வைக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம். பாசத்தோடு தோசையைப் பிட்டு ஊட்டி, மேலே தண்ணீர் கொடுத்து, புரையேறி, நுரையீரலுக்குள் போய், நிமோனியாவில் முடிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊட்டுவதற்கு முன் கேளுங்கள். படுத்த நிலையில் எதையும் கொடுக்காதீர்கள்.

மொழி

பணியாளர்கள் இந்தோனேசியா, மியன்மார், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், பேசத் தெரிந்த நம் பாட்டிமார்கள் சமாளித்துக்கொள்வார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் இரண்டு நாளில் ஊமையாகிவிடுவார்கள். வலி, தண்ணீர், ஒண்ணுக்கு, குளிருது, போதும், பயமா இருக்கு என்று ஓர் இருபது தமிழ்ச் சொற்களை, பணியாளர்கள் படிக்கும்படி மலாய்க்குப் பயன்படும் ஆங்கில எழுத்தில், தமிழ் உச்சரிப்போடு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். சேர்க்கும் நாளிலேயே ஒட்டுங்கள். மியன்மார்ப் பிள்ளை ஒருத்தி "வலி? எங்க வலி?" என்று கேட்டபோது, அதுவரை மூன்று நாள் வாய் திறக்காத ஓர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எல்லோரையும் "அங்கிள்", "ஆன்ட்டி" என்று கூப்பிடுவதும் எனக்குப் பிடிக்காது. முப்பது வருடம் பாடம் நடத்தியவரை "டீச்சர்" என்று கூப்பிட்டுப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்.

பத்திரிகையும் அப்படித்தான். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ல் நின்றபோது, எங்களிடம் இருந்த ஒரு தாத்தா ஒரு மாதம் காலை தவறாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறொரு தமிழ்ப் பத்திரிகையை வாங்கி வைத்தோம். கையில் வாங்கிக்கொள்ளவே அவருக்கு நாளாயிற்று. இல்லத்துக்கு வந்த பிறகும் பெரியவர்கள் இழப்பது நிற்பதில்லை என்பதைப் பணியாளர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

எந்த இல்லம்

அழகான கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடிக்கடி வரப் போகிறவர் யாரோ, அவர் வீட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். மகன் அக்கரையில் பட்டர்வொர்த்தில், அம்மா தீவில் என்றால் வெள்ளிக்கிழமை மாலைப் பாலத்து நெரிசல் ஒன்றே போதும், வாரம் ஒரு முறை என்பது மாதம் ஒரு முறையாகும்.

சுவரில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்பு மையம் என்றால் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். தாதியர் இல்லம் என்றால் 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம். மூக்குக் குழாய், புண்ணுக்குக் கட்டு என்று தேவைப்படுபவரை, எந்நேரமும் தாதி இருக்கும் வசதி இல்லாத இடத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு மாற்றினால், பெரியவர் இரண்டாவது முறையாக முதலிலிருந்து பழக வேண்டும். மாதக் கட்டணத்துக்குள் டயபர், பால்மாவு, மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது எல்லாம் அடங்குமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

நகை

வீட்டிலேயே இருக்கட்டும். தாலியை மட்டும் அந்த அம்மாவைக் கேட்காமல் கழற்றாதீர்கள்.

‘கொஞ்ச நாள் வராதீங்க, பழகட்டும்’

முதல் இரண்டு வாரம் குடும்பத்தார் வரக் கூடாது, வந்தால் அழுவார்கள் என்று சொல்கிற இல்லங்கள் இருக்கின்றன. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொன்னவள்தான். இப்போது சொல்வதில்லை.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வெளியாட்கள் யாரையும் உள்ளே விடவில்லை. தொற்று உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததால் அதை நாங்கள் எதிர்க்கவும் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் "எப்ப வருவாங்க" என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். அதற்கடுத்து சாப்பாட்டின் அளவு குறைந்தது. வாட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டினால், ஓர் அம்மா போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், மகன் அங்கே நிற்கிறானா என்று.

அழாமல் இருக்கிறார் என்பதைப் பழகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் வாரத்தில் வாருங்கள். கொஞ்ச நேரம் போதும், அடிக்கடி வாருங்கள். மாலை இருட்டுகிற நேரத்தில் மறதி உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடும், அதனால் அவர்களைக் காலையில் வந்து பாருங்கள்.

சொல்லாமல் நழுவுவது

"அம்மா பாத்ரூம் போயிருக்காங்க மிஸ்ஸி, அதுக்குள்ள கிளம்பிடுறோம்." வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைக் கேட்கிறேன். பின்பக்கக் கதவைக் காட்டச் சொல்வார்கள். அம்மா திரும்பி வந்து, காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்ப்பார். அந்த நிமிடத்தில் பக்கத்தில் நிற்பது நாங்கள்தான், பிள்ளைகள் இல்லை. அடுத்த முறை அவர்கள் வரும்போது அந்த அம்மா கழிப்பறைக்கே போக மாட்டார். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கண் எதிரே நின்று, "போயிட்டு வரேன்மா" என்று சொல்லுங்கள். எந்த நாள் வருவீர்கள் என்பதைச் சொல்லி, நாள்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு வட்டம் போடுங்கள். வர முடியாவிட்டால் போன் செய்து அவரிடமே சொல்லுங்கள், எங்கள் மூலம் சொல்லியனுப்ப வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை வராந்தாவில் மகளிடம் என் அப்பாவின் சூட்கேஸைப் பற்றித்தான் சொன்னேன். நாங்கள் யாரும் அம்மாவிடம் பொய் சொல்ல மாட்டோம், நீங்கள் சொல்வதற்கு முன்னால் நாங்களாக எதையும் சொல்லவும் மாட்டோம், இன்றைக்கே நீங்கள் பேசிவிடுங்கள் என்றேன். அவர் அழுதார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் வராந்தாவரை கேட்டது. பெற்றது, வளர்த்தது, பாலர் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தது என்று எல்லாம் வந்தது. மாடியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு அமைதி. முக்கால் மணி நேரம் கழித்து மகள் வெளியே வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன, கையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. முருகன் படம், விபூதி டப்பா, கோடாலித் தைலம், பச்சைப் போர்வை, கட்டிலுக்கடியில் இருக்கும் ரப்பர் செருப்பு, பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் கொடுத்த ஆட்டுரல் குழவி.

குழவியை இங்கே வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வைக்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொண்டு வந்துவிட்டார். குழவி இப்போது கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க.